அட்டெண்டன்ஸ் முதல் கடைசி பெல் வரை: சிறப்புக் கல்வி இலக்குகளை வகுப்பின் அன்றாட வேலைகளில் பொருத்துவது எப்படி?

தலைமையாசிரியர் அறை பீரோவில் ஒரு தாள் இருக்கிறது. அதில் "தன் தேவையைச் சொல்லிக் கேட்பான்" என்று ஓர் இலக்கு. இலக்குக்குச் சொந்தக்காரன் மூன்றாம் வகுப்பில், ஜன்னலோரம், தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்துப் பெண் அவன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, கையிலேயே கொடுத்துவிடுகிறாள். நல்ல பெண்தான். ஆனால் அவன் வாய் திறக்கவோ கை நீட்டவோ வேண்டிய ஒரு சந்தர்ப்பம் அந்த நொடியில் கைநழுவிப் போனது. ஒரு நாளில் இப்படி எட்டு, பத்து போகும்.

அந்தச் சந்தர்ப்பங்களைப் பிடித்து வைப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். வட சென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டைப் பக்கம் 30, 35 பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் வகுப்பாசிரியர்களை மனத்தில் வைத்து எழுதியது. பெற்றோருக்கும் பயன்படும்.

முதலில் அந்தத் தாள்

அதன் பெயர் தனிநபர் கல்வித் திட்டம். குறைபாடுள்ள ஒரு பிள்ளை என்னென்ன கற்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கென்றே எழுதிவைப்பது. பள்ளிகளில் 'ஐ.இ.பி.' என்றே சொல்கிறார்கள். அமெரிக்காவில் 1975-இல் வந்த சட்டம் இப்படியொரு திட்டத்தைக் கட்டாயமாக்கியது. அங்கிருந்து உலகமெங்கும் பரவிய பழக்கம் இது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 6 முதல் 18 வயது வரை, குழந்தை விரும்பினால் அருகிலுள்ள சாதாரணப் பள்ளியிலேயே இலவசமாகப் படிக்கலாம் என்கிறது. பக்கத்துத் தெருப் பள்ளியில் சேர வரும் பிள்ளையை "நீங்க ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போங்கம்மா" என்று திருப்பி அனுப்ப முடியாது. சேர்த்துக்கொண்ட பிறகு என்ன செய்வது என்பதில்தான் எல்லோருக்கும் தடுமாற்றம்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்ற அரசுத் திட்டத்தின் கீழ், இந்தப் பிள்ளைகளுக்காகவே பள்ளிக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர்தான் பெரும்பாலும் அந்தத் தாளை எழுதுகிறார். அவருக்குப் பல பள்ளிகள். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம் இந்தப் பிள்ளையோடு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரத்தில் 'கேட்டு வாங்குவது' என்ற திறனைப் பத்து முறை பழக்கலாம். வாரத்துக்குப் பத்து.

இப்போது வகுப்பைப் பாருங்கள். காலை உணவில் ஒரு முறை, தண்ணீருக்கு இரண்டு முறை, பென்சில், ரப்பர் வாங்க இரண்டு முறை, மதியச் சாப்பாட்டில் இரண்டு முறை, நோட்டு வாங்கும்போது ஒரு முறை, வீட்டுக்குப் போகும் நேரத்தில் ஒரு முறை. ஆக 9. ஐந்து நாளில் 45. அதுவும் நிஜமான தாகத்துக்கு, நிஜமான பசிக்கு, தானாக வரும் சந்தர்ப்பங்கள். தனி அறையில் மேசைமேல் பொம்மை பாட்டிலை வைத்துப் பழக்கியவன், வகுப்பில் தாகம் எடுத்தால் கேட்காமல் இருப்பது சாதாரணமாக நடப்பது. கற்ற இடமும் பயன்படும் இடமும் வேறாக இருப்பதுதான் காரணம். அன்றாட வேலைக்குள்ளேயே கற்றுக்கொண்டால் அந்தச் சிக்கல் பாதிக்கு மேல் காணாமல் போகும்.

இதற்காகத் தனிப் பாடவேளை வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே செய்கிற வேலைக்குள் 10 விநாடி, 20 விநாடி ஒதுக்கினால் போதும். ஆனால் அந்த விநாடிகள் எப்போது வரும், அதில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். "கிடைக்கும்போது பார்த்துக்கலாம்" என்று விட்டால் 35 பிள்ளைகளுக்கு நடுவே அது கிடைக்கவே கிடைக்காது.

இலக்கை எண்ணும்படி எழுதுங்கள்

"வகுப்பில் நன்றாகப் பங்கேற்பான்." இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. திங்கட்கிழமை பங்கேற்றானா என்று கேட்டால் நீங்கள் ஒன்று சொல்வீர்கள், பக்கத்து வகுப்பு டீச்சர் இன்னொன்று சொல்வார். பயன்படும் இலக்கில் நான்கு சங்கதிகள் இருக்கும்: எந்தச் சமயத்தில், என்ன செய்வான், எவ்வளவு உதவியோடு, எந்த அளவு.

"வருகைப்பதிவின்போது தன் பெயரைக் கேட்டதும், யாரும் தொடாமல், 5 விநாடிக்குள் கையை உயர்த்துவான் அல்லது 'உள்ளேன்' அட்டையைக் காட்டுவான், வாரத்தில் 5 நாளுக்கு 4 நாள், தொடர்ந்து 2 வாரம்." இப்போது இரண்டு பேர் பார்த்தாலும் ஒரே பதில்தான் வரும்.

சிறப்புப் பயிற்றுநர் எழுதிய இலக்கு மொத்தையாக இருந்தால், அடுத்த முறை அவர் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மேடம், இதைச் செஞ்சிட்டான்னு நான் எதை வச்சு சொல்றது?" இந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் இலக்கு தானாகவே சின்னதாகிவிடும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு சமயத்தில் இரண்டு அல்லது மூன்று இலக்குகள். அதற்கு மேல் வேண்டாம். ஏழு இலக்குகளைத் தூக்கிக்கொண்டு அலைகிற வகுப்பில் ஏழும் நடக்காது.

ஒரு பக்க அட்டவணை

இந்த முறையின் முதுகெலும்பு ஒரு சாதாரண அட்டவணை. ஓர் ஏ4 தாளைக் குறுக்காக வையுங்கள். இடப்பக்கம், மேலிருந்து கீழாக, உங்கள் வகுப்பின் நாள் எப்படி ஓடுகிறதோ அப்படியே எழுதுங்கள்: காலை உணவு, பிரார்த்தனை, அட்டெண்டன்ஸ், நோட்டு கொடுப்பது, குழு வேலை, இன்டர்வெல், மதியச் சாப்பாடு, விளையாட்டு, பை எடுத்துக் கிளம்புவது. கால அட்டவணையில் இருப்பதை எழுதாதீர்கள். உண்மையில் நடப்பதை எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை விளையாட்டு என்று சுவரில் ஒட்டியிருக்கும், அந்த நேரத்தில் நீங்கள் பதிவேடு எழுதிக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கட்டத்தில் இலக்கைப் போட்டால் அது வீண்.

மேலே, இடமிருந்து வலமாக, இலக்குகள். மூன்று பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டு பத்தி. பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, "இந்த வேலையில் இந்தத் திறன் தேவைப்படுகிறதா?" என்று கேளுங்கள். தேவைப்படும் கட்டத்தில் மட்டும் இரண்டு மூன்று சொல் எழுதுங்கள். ஓர் இலக்குக்கு ஒரு நாளில் மூன்று, நான்கு கட்டம் நிரம்பினால் போதும். மீதி காலியாகவே இருக்கட்டும். பிள்ளை சும்மா இருக்கவும் நேரம் வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, சிந்து என்று ஒரு பிள்ளை, கற்பனைப் பெயர்தான். இரண்டாம் வகுப்பு, அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு. 5 வரை எண்ணிக் கொடுப்பது ஓர் இலக்கு. நோட்டு கொடுக்கும் கட்டத்தில் 'முதல் பென்ச்சுக்கு 4 நோட்டு எண்ணித் தருவாள்', மதியச் சாப்பாட்டுக் கட்டத்தில் 'தன் வரிசைக்கு 5 தட்டு எடுத்து வருவாள்', குழு வேலையில் 'ஆளுக்கொரு கிரேயான் கொடுப்பாள்'. மூன்றுமே எப்படியும் யாராவது செய்ய வேண்டிய வேலைகள். அவள் தப்பாக எண்ணினால் ஒருத்திக்குத் தட்டு கிடைக்காது. "டீச்சர், எனக்கு இல்ல" என்று அந்தப் பெண்ணே குரல் கொடுப்பாள். திருத்தம் வேலைக்குள்ளிருந்தே வருகிறது, சிவப்பு மை தேவையில்லை.

அட்டவணையை மேசைக் கண்ணாடிக்கு அடியிலோ பதிவேட்டின் உள் அட்டையிலோ வையுங்கள். சுவரில் ஒட்டாதீர்கள். பிள்ளையின் குறைபாடும் இலக்கும் வகுப்புக்கு வருகிற எல்லோரும் படிப்பதற்கு அல்ல.

அட்டெண்டன்ஸ்: 20 விநாடியில் என்ன நடக்கிறது?

ஒரே ஒரு வேலையை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பேச்சு வராத பையன். பெயர் அழைத்ததும் 'உள்ளேன்' அட்டையைக் காட்ட வேண்டும்.

அட்டை எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பைக்குள் இருந்தால் தேடி எடுக்கவே ஒரு நிமிடம் ஆகும், நீங்கள் அடுத்த பெயருக்குப் போய்விடுவீர்கள். டெஸ்க்கின் மேல் வலது மூலையில், அவன் கை போகிற இடத்தில் ஒட்டிவையுங்கள். பழைய தினசரி காலண்டரின் அட்டை நல்ல கனமாக இருக்கும், 8 செ.மீ. சதுரமாக வெட்டி, படம் வரைந்து, அகலமான செல்லோடேப்பை இரு பக்கமும் ஒட்டினால் ஒரு பருவம் தாங்கும். ஒட்டி எடுக்கிற வெல்க்ரோ, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும். சொரசொரப்பான பக்கத்தை டெஸ்க்கில் ஒட்டாதீர்கள்; கை உரசிக்கொண்டே இருக்கும், சில பிள்ளைகளுக்கு அது பொறுக்காது. மென்மையான பக்கம் டெஸ்க்குக்கு, சொரசொரப்பு அட்டைக்கு.

பதிவேட்டில் அவன் பெயர் முதலில் வந்தால், அவனைப் பிறகுதான் அழைக்க வேண்டும் என்று சும்மா மாற்றிக்கொள்ளுங்கள். ஏழெட்டுப் பேர் பதில் சொல்வதைப் பார்த்த பிறகு அவன் முறை வரட்டும். பார்த்துக் கற்பதற்கு அந்த ஏழு பேர் இலவசம்.

பயிற்சி தொடங்கிய முதல் மூன்று நாள்: பெயரை அழைத்த அதே கணம், அவன் பக்கத்தில் நின்று அட்டையைச் சுட்டிக்காட்டுங்கள். காத்திருக்க வேண்டாம். தவறவே இடம் தராமல் 'பெயர் கேட்டால் அட்டை' என்ற முடிச்சைப் போடுகிறோம். நான்காம் நாள் முதல்: பெயரை அழையுங்கள். அவனைப் பாருங்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். அவன் கை அசைந்தால் அடுத்த பெயருக்குப் போகலாம். அசையாவிட்டால் மட்டும் ஐந்தாம் விநாடி முடிந்ததும் சுட்டிக்காட்டுங்கள்.

இந்த ஐந்து விநாடி கேட்பதற்குத்தான் சின்னது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்க, 34 பிள்ளைகள் காத்திருக்க, ஐந்து விநாடி சும்மா நிற்பது ஆசிரியருக்குப் பெரும் சோதனை. பெரும்பாலானவர்கள் இரண்டாவது விநாடியிலேயே "சொல்லுடா கண்ணு, அட்டையக் காட்டு" என்று வாய் திறந்துவிடுகிறார்கள். அவன் மூளை அப்போதுதான் பெயரைக் கேட்டு, கையைத் தேடி, கிளம்பப் பார்க்கிறது. நீங்கள் பேசியதும் புதிய சொற்களைக் கேட்கப் போய்விடுகிறது. திரும்ப முதலிலிருந்து.

அவன் காட்டிவிட்டால் "ம், வந்துட்டியா" என்று எல்லோருக்கும் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டுப் போங்கள். கைதட்டச் சொல்லாதீர்கள். மற்ற 34 பேர் 'உள்ளேன் டீச்சர்' சொன்னதற்கு யாரும் கைதட்டவில்லையே.

உதவிப் படிகளும் அவற்றிலிருந்து இறங்குவதும்

உதவி ஒரே அளவில் வருவதில்லை. குறைவானதிலிருந்து கூடுதலாக அடுக்கினால் இப்படி: காத்திருப்பது, பார்வையால் அல்லது விரலால் காட்டுவது, சொல்வது, செய்து காட்டுவது, கையைப் பிடித்துச் செய்ய வைப்பது.

பிள்ளைக்குச் சுத்தமாகத் தெரியாத புது வேலை என்றால் கூடுதல் உதவியில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பாதி தெரிந்த வேலை என்றால் காத்திருப்பதில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். எந்தப் பக்கம் போனாலும் நாளைக்கு இன்றைவிட ஒரு படி குறைவாக உதவ முடியுமா என்ற கணக்கு மனத்தில் ஓட வேண்டும்.

இதில் பலருக்கும் ஆச்சரியம் தரும் ஒன்று: விலக்குவதற்கு மிகக் கடினமானது வாய்ச்சொல். கையைப் பிடிப்பதுதான் பெரிய உதவி, சொல்வது சாதாரணம் என்று நினைக்கிறோம். ஆனால் பிடித்த கையை மணிக்கட்டுக்கு, அங்கிருந்து முழங்கைக்கு, பிறகு தோளுக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி விலக்கிவிடலாம். "பையை எடு, செருப்பைப் போடு" என்ற குரலை அப்படிப் பாதியாக்க முடியாது. குரல் வராத வரை அசையாத பிள்ளை உருவாகிவிடும். அதனால் முடிந்த இடத்திலெல்லாம் சொல்லுக்குப் பதில் படம் அல்லது விரல். பையின் மேல் அட்டையில் செருப்பு, பாட்டில், நோட்டு என்று மூன்று படம் ஒட்டியிருந்தால் நீங்கள் படத்தை மட்டும் தொட்டால் போதும். இரண்டு வாரத்தில் தொடுவதையும் நிறுத்தலாம். படம் அங்கேயே இருக்கட்டும். நாமும்தான் மளிகைச் சீட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போகிறோம்.

கையைப் பிடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. பிள்ளை கையை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். எதிர்ப்பை மீறிப் பிடிப்பது கற்பித்தலில் சேராது.

ஒரு முட்டை

விரல் நுனிகளின் பிடிமானம், இரண்டு கையையும் சேர்த்துப் பயன்படுத்துவது என்ற இலக்குகள் பல தாள்களில் இருக்கும். இதற்கென்று மணி கோக்க வைப்பார்கள், களிமண் உருட்ட வைப்பார்கள். தப்பில்லை. ஆனால் சத்துணவில் பள்ளி நாள்தோறும் முட்டை வருகிறது. ஆயாவிடம் சொல்லி, இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு முட்டையை உரிக்காமல் வாங்கிவிடுங்கள். "இன்னா டீச்சர், பாவம் புள்ள, நானே உரிச்சித் தர்றேனே" என்பார். விஷயத்தை ஒரு முறை சொன்னால் அப்புறம் அவரே காவல் காப்பார்.

முட்டை உரிப்பதை உடைத்துப் பார்த்தால் ஆறு படி: தட்டின் விளிம்பில் தட்டுவது, உள்ளங்கைக்கு அடியில் வைத்து மெதுவாக உருட்டி ஓடு முழுக்க விரிசல் விழச் செய்வது, அகன்ற முனையில் முதல் துண்டை எடுப்பது, உள்தோலோடு சேர்த்து உரிப்பது, தண்ணீரில் அலசுவது, ஓட்டைக் கூடையில் போடுவது. அகன்ற முனைக்குக் காரணம் உண்டு: அங்கே ஓட்டுக்கும் வெள்ளைக்கும் நடுவில் காற்றுப்பை இருக்கிறது, விரல் நுழைய இடம் கிடைக்கும். கூரான முனையில் தொடங்கினால் வெள்ளை பிய்ந்து வரும், பிள்ளைக்குக் கோபம் வரும்.

தொடங்குவது கடைசிப் படியிலிருந்து. முதல் வாரம் நீங்களோ அவன் நண்பனோ ஐந்து படியும் செய்துவிட்டு, அலசிய முட்டையை அவன் தட்டில் வைத்துவிடுங்கள். ஓட்டைக் கூடையில் போடுவது மட்டும் அவன். அதற்கடுத்த வாரம் அலசுவதும் போடுவதும் அவன். பிறகு, முக்கால்வாசி உரித்த முட்டையைக் கொடுத்து மீதியை உரிக்க வைப்பது. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வரும்போது ஒவ்வொரு நாளும் வேலை அவன் கையில்தான் முடிகிறது. முடித்த கையோடு வாயில் முட்டை. முன்னாலிருந்து தொடங்கினால் தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பான், மிச்சத்தை வேறு யாரோ முடிப்பார்கள்.

சூடான முட்டை வேண்டாம். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் வரும். தோலுரிப்பதில் படிகள் குறைவு, ஆனால் அதே விரல்கள்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டைப் பணயம் வைக்காதீர்கள். "சொன்னாத்தான் தருவேன்" என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது பயிற்சி ஆகாது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது, வெறும் வயிற்றோடு வந்து உட்காரும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காகத்தான். முதல் கரண்டி பொங்கலோ உப்புமாவோ எதுவும் கேட்காமல் தட்டில் விழட்டும். பயிற்சியை இரண்டாம் கரண்டியில் வையுங்கள். "இன்னும் வேணுமா?" என்பதற்கு அட்டை காட்டவோ, தட்டை நீட்டவோ, 'வே' என்று சொல்லவோ செய்தால் போதும். ஐந்து விநாடியில் வராவிட்டால் விரலால் காட்டிவிட்டுப் போடுங்கள். எந்த நிலையிலும் சாப்பாடு வரும்.

பிரார்த்தனை நேரம்

காத்திருப்பது, வரிசையில் இடம்விட்டு நகராமல் இருப்பது போன்ற இலக்குகளுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து நல்ல அளவுகோல். 55 விநாடியில் பாட வேண்டும் என்பது 2021 டிசம்பர் அரசாணை. தினமும் ஒரே நீளம், ஒரே தொடக்கம், ஒரே முடிவு. முதலில் கடைசி வரிக்கு மட்டும் வரிசையில் வந்து சேரட்டும், பிறகு கடைசி இரண்டு வரி என்று பின்னோக்கிக் கூட்டலாம். அதே ஆணை, மாற்றுத்திறனாளிகள் எழுந்து நிற்பதிலிருந்து விலக்கும் தருகிறது. நிற்பதே வலியாக இருக்கும் பிள்ளையை இலக்கு என்ற பெயரில் நிற்க வைக்காதீர்கள். எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது இயன்முறை மருத்துவர் சொல்ல வேண்டியது. ஸ்பீக்கர் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை என்றால் வரிசையின் கடைசியில், பெட்டியிலிருந்து தள்ளி இடம் கொடுங்கள். பெல்லுக்கும் அப்படித்தான்: அடிக்கப் போகிறது என்று ஒரு நிமிடம் முன்னால் பெல் படத்தைக் காட்டினால் பாதிப் பயம் போய்விடும்.

எழுதி வைப்பது

"எங்கே டீச்சர் நேரம்?" நியாயமான கேள்வி. தினமும் எழுத வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், ஓர் இலக்குக்கு ஒரே ஒரு வேலை. செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமையைத் தவிருங்கள், இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வரும் பிள்ளை அன்று கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும்.

எழுத வேண்டியது ஓர் எழுத்து: தானாகச் செய்தால் 'தா', விரலால் காட்டினால் 'வி', சொன்ன பிறகு என்றால் 'சொ', செய்து காட்டிய பிறகு 'கா', கை பிடித்தால் 'கை'. எத்தனை முறை என்று எண்ண வேண்டிய இலக்கு என்றால் டப்பா இரண்டு, புளியங்கொட்டை பத்து. நடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டையை இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்கு மாற்றுங்கள். மாலையில் எண்ணி எழுதிவிடுங்கள். பேனாவைத் தேட வேண்டியதில்லை.

'கை, கை, கா, கா, வி' என்று போனால் சரியான பாதை. தொடர்ந்து மூன்று பதிவு ஒரே எழுத்தில் நின்றால் ஏதாவது ஒன்றை மாற்றுங்கள். வழக்கமாகக் காரணம் மூன்றில் ஒன்று: படி பெரிதாக இருக்கிறது, சந்தர்ப்பம் குறைவாக இருக்கிறது, அல்லது வேறு யாரோ முந்திக்கொண்டு செய்துவிடுகிறார்கள். மூன்றாவதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

எங்கே சறுக்கும்?

முந்திக்கொண்டு செய்கிறவர் பெரும்பாலும் அன்பானவர். பக்கத்து பென்ச் தோழி, ஆயா, வகுப்பில் உட்கார அனுமதி வாங்கிய அம்மா. பிள்ளைகளிடம் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடலாம்: "அவன் எடுக்கட்டும், அஞ்சு எண்ணு, அப்புறம் வேணும்னா விரலால காட்டு." எட்டு வயதுப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள், ஐந்தை உரக்கவே எண்ணுவார்கள் என்பது தவிர. தோழமைப் பொறுப்பை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஒரே பெண் வருடம் முழுக்க அவனுக்குத் தாயாக இருப்பது அவளுக்கும் நல்லதில்லை.

அடுத்தது, இலக்கும் வேலையும் ஒட்டாமல் போவது. தண்ணீர்க் குழாய் வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் "சிவப்பு எது, நீலம் எது?" என்று கேட்பது பயிற்சி மாதிரித் தெரியும். தண்ணீர் பிடிக்க நிறம் எதற்கு? அவனுக்கு அது வழிமறிப்புதான். குடங்களில் தன் நிறக் குடத்தைத் தேடி எடுக்க வேண்டியிருந்தால் அப்போது நிறத்துக்கு வேலை இருக்கிறது.

மழை விடுமுறை. நவம்பர், டிசம்பரில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர்ப் பக்கம் தண்ணீர் நின்றால் பள்ளி நாட்கணக்கில் மூடியிருக்கும். திரும்பி வரும் பிள்ளை, விட்ட இடத்தில் இருக்காது. 'வி' வரை வந்தவன் 'கா'வுக்குப் போயிருப்பான். பதற வேண்டாம், இரண்டு மூன்று நாளைக்கு ஒரு படி கூடுதலாக உதவிவிட்டு மறுபடி இறங்குங்கள். பழைய எழுத்துக்கு முதல் தடவையைவிட வேகமாக வந்துவிடும்.

வீட்டோடு பொருந்தாமல் போவதும் உண்டு. காசிமேட்டில் மீன் எடுக்க விடியலுக்கு முன்பே கிளம்புகிற அம்மா, "வூட்ல நானே ஊட்டி வுட்டுர்றேன் மிஸ், டைமு ஏது" என்றால் அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. அவரிடம் அட்டவணையை நீட்டாதீர்கள். ஒரே ஒரு காரியம் கேளுங்கள்: ராத்திரி சாப்பாட்டில் தண்ணீர் டம்ளரை மட்டும் அவன் கேட்ட பிறகு கொடுக்க முடியுமா? வீட்டில் பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார் என்றால் இதைப் பாட்டியிடம் சொல்ல வேண்டும், அம்மாவிடம் இல்லை.

வகுப்பாசிரியர் தானாக இறங்கக் கூடாத இடங்களும் இருக்கின்றன. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை விழுங்கும்போது இருமினால், புரையேறினால், சாப்பாட்டில் எந்தப் பயிற்சியும் வேண்டாம். முதலில் மருத்துவரும் சிகிச்சையாளரும் பார்க்கட்டும். கழிப்பறைப் பயிற்சி என்றால் பெற்றோருக்குத் தெரிந்து, யார் உடன் போவது என்று எழுத்தில் முடிவான பிறகே. பெண் பிள்ளைக்குப் பெண்தான் போக வேண்டும். மாடியில் இருக்கும் வகுப்பை, படியேற முடியாத பிள்ளைக்காகத் தரைத்தளத்துக்கு மாற்றுவது இலக்குகளுக்கெல்லாம் முன்னால் நடக்க வேண்டியது.

முதல் இரண்டு வாரம்

ஒரே பிள்ளை, ஒரே இலக்கு, இரண்டு வேலைகள். இதுதான் தொடக்கம். முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல் பார்த்து மட்டும் எழுதுங்கள்: இந்த வேலையில் இப்போது அவன் என்ன செய்கிறான், யார் அவனுக்காகச் செய்கிறார்கள்? நான்காம் நாள் முதல் உதவிப் படிகளோடு தொடங்குங்கள். இரண்டாம் வார வெள்ளிக்கிழமை மூன்று நான்கு எழுத்து கையில் இருக்கும். அதைச் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டினால் பேச்சே மாறிவிடும், "எப்படி இருக்கான்?" "பரவால்ல மேடம்" என்பதற்குப் பதிலாக, கா-விலிருந்து வி-க்கு ஏன் இறங்கவில்லை என்று இருவரும் பேசுவீர்கள்.

ஏப்ரலில் அந்த அட்டவணையைக் கிழித்துப் போடாதீர்கள். ஜூனில் அவன் வேறு வகுப்புக்கு, ஐந்தாம் வகுப்பு முடித்தவன் என்றால் வேறு பள்ளிக்கே கூடப் போவான். தாளின் பின்பக்கம் மூன்று வரி: என்னென்ன தானாகச் செய்கிறான், எதற்கு எந்த எழுத்தில் நிற்கிறான், யார் அருகில் உட்கார்ந்தால் அமைதியாக இருக்கிறான். வெல்க்ரோ ஒட்டிய அட்டைகளை ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுத் தாளோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அட்டை இல்லாமல் தாள் மட்டும் போனால் புது டீச்சர் அதை மறுபடி பீரோவில்தான் வைப்பார்.